கார் கூரையில் கயாக்: இறுக்கிக் கட்டினால் போதுமா?

முட்டுக்காடு, கோவளம் பக்கம் கயாக் ஓட்டும் பழக்கம் நம்ம கேம்பஸ் வரைக்கும் வந்தாச்சு. துடுப்பு போடுறதை யாராவது சொல்லிக் கொடுத்துடுவாங்க. ஆனா படகை கார் மேல கட்டி ஈ.சி.ஆர்.ல கொண்டு போறதுக்கு "கயிறு போட்டு நல்லா இறுக்கு மச்சி" என்பதோடு பாடம் முடிஞ்சிடும். அது பாதி பாடம்தான்.

சாதாரண பிளாஸ்டிக் கயாக் ஒன்று 3.6 மீட்டர் நீளம், 25 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். ரூஃப் ரேக்கின் இரண்டு கிராஸ் பார்களுக்கு நடுவே இடைவெளி 80 செ.மீ. அப்படின்னா படகின் முன்னும் பின்னும் தலா 1.4 மீட்டர் அந்தரத்தில் நிற்கும். பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது.

60 கி.மீ. வேகத்தில் காற்று முன் முனையை 10 கிலோ விசையோடு தூக்குதுன்னு வைங்க. பின் பார்தான் பிவட். அங்கிருந்து முனைக்கு 2.2 மீட்டர், முன் பெல்ட்டுக்கு வெறும் 0.8 மீட்டர். மொமென்ட் போட்டா முன் பெல்ட்டில் 27.5 கிலோ வரும். படகின் சொந்த எடை 12.5-ஐக் கழிச்சாலும் 15 கிலோ மிச்சம். இப்போ வேகம் 100. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 கிலோ 27.8 ஆகும். பெல்ட்டில் 64 கிலோ! வேகம் இரண்டு மடங்குகூட ஆகலை, பெல்ட்டின் சுமை நாலு மடங்கைத் தாண்டிடுச்சு.

அதனால முனையை முனையிலேயே பிடிக்கணும். முன் கைப்பிடியிலிருந்து காரின் டோ ஹுக்குக்கு ஒரு கயிறு போடுங்க. தொய்வு போனா போதும், படகை வளைக்கிற அளவுக்கு இழுக்காதீங்க.

அடுத்தது சடன் பிரேக். கார் நின்னாலும் படகு முன்னால் போகப் பார்க்கும். கயிறு தன் நீளத்தின் திசையில் மட்டும்தான் இழுக்கும், தள்ளத் தெரியாது. எனவே பின் கயிறு படகிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து இறங்கணும். படகின் வால் பம்பரைத் தாண்டி நீண்டிருந்தா அந்தக் கயிறு இதுக்கு உதவாது. அப்போ படகின் நடுவில் உள்ள பக்கவாட்டுக் கைப்பிடியிலிருந்து பின் பாருக்கு இன்னொரு கயிறு கட்டுங்க.

பெல்ட் விஷயத்தில் சில குறிப்புகள்:

- கையால் இழுத்து பூட்டுற கேம் பக்கிள் பெல்ட் போதும். ராட்செட் போட்டு முறுக்கினா வெயிலில் இளகிய பிளாஸ்டிக் பள்ளமாகிடும்.
- பைக்ல பை கட்டுற எலாஸ்டிக் கயிறு வேண்டாம். இழுத்தா நீளும் பொருளால் படகைப் பிடித்து வைக்க முடியாது.
- பெல்ட்டை ஒரு முறை திருப்பிப் போடுங்க. காற்றில் "ம்ம்ம்" என்று அதிரும் சத்தம் அடங்கும்.
- பல கார்களில் ரூஃப் ரெயில் வெறும் அலங்காரம். கூரை எவ்வளவு தாங்கும் என்று கார் மேனுவலில் பாருங்க. ரேக்கின் எடையும் அந்தக் கணக்கில் சேரும்.

இவ்வளவு மெனக்கெடணுமா? 80 கி.மீ. வேகத்தில் கழன்று பறக்கும் கயாக்கின் ஆற்றல், அதை 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து, கீழே போடுவதற்குச் சமம். உங்க பின்னால் வர்றது அநேகமா ஒரு பைக்காகத்தான் இருக்கும்.

கிளம்பி 5 கி.மீ. போனதும் ஓரமா நிறுத்துங்க. படகின் முனையைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. படகோடு சேர்ந்து காரும் ஆடினா தைரியமா போகலாம். படகு மட்டும் ஆடினா, அவிழ்த்து முதல்லேர்ந்து கட்டுங்க.