வாக்கு வந்த பின்னும் வராத பட்டா

ஒரு நாடு முன்னேறாமற் போவதற்குத் தலைவர்களே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1983-இல் தம் நாட்டைப் பற்றி எழுதிய சிறு நூலில், அங்குள்ள கேடுகளுக்கெல்லாம் வேர் தலைமையின் குறையே என்று அடித்துச் சொன்னார். பத்தாண்டுகள் கழித்து 1993 ஜூனில் அந்நாட்டு மக்கள் அமைதியாக வாக்களித்தார்கள். இராணுவ ஆட்சியோ அத்தேர்தலையே செல்லாது என்று தள்ளிவிட்டது. அப்படியானால் குறை தலைவரிடம் இருந்ததா, தலைவரை மாற்றும் வலிமை மக்கள் கையில் இல்லாததில் இருந்ததா?

இக்கேள்விக்கு விடை தேட ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் நெல்லியாளம் போதும். இங்கே ‘சிலோன்காரர்’ என்று பிறரால் அழைக்கப்படும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அரசாங்கத் தாள்களில் எங்கள் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. என் தாத்தா பிறந்ததும் கொழுந்து பறிக்கும் மலையில்தான். அது கண்டிச் சீமை மலை.

1947-இல் இலங்கையில் நடந்த பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெற்றி பெறவும் தோட்ட வாக்குகள் உதவின. அந்த உதவியே வினையாயிற்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குள் நுழையவில்லை. அதே ஆண்டில் தொண்டமான் தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது, பலன் கிட்டவில்லை.

தொண்டமான் சிறிய தலைவரா? இல்லை. இலட்சக்கணக்கானோர் அவருடைய சங்கத்துக்குச் சந்தா கட்டினர். ஆயினும் வாக்கில்லாத மக்களின் தலைவர், முதல் இல்லாத வியாபாரிக்கு ஒப்பாவார். சந்தைக்குப் போகலாம், பேரம் பேச முடியாது. 1960-இலும் 1965-இலும் அவர் நாடாளுமன்றத்தில் அமர்ந்தது நியமன உறுப்பினராகத்தான். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். கணக்கு என்னவோ நேர்த்தியாகத்தான் இருந்தது! பங்கிடப்பட்டவர்களைக் கேட்டுச் செய்த பங்கீடன்று அது.

அங்கேயே தங்கிவிட்டவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். சிறிது சிறிதாகக் குடியுரிமை கிடைக்கத் தொடங்கியதும் 1977-இல் தொண்டமான் தேர்தலில் வென்றார், 1978-இல் அமைச்சரானார். 1986 தைப்பொங்கலன்று அவர் தொடங்கிய போராட்டம் புதுமையானது. வேலைநிறுத்தம் என்று பெயரிடாமல், முற்பகல் முழுவதும் தொழிலாளர் பிரார்த்தனை செய்வர். அதன் பின்னரே கொழுந்துக்கூடை எடுப்பர். கும்பிடுகிறவர்களை எந்த அரசு தண்டிக்கும்? எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தர இலங்கை அரசு இணங்கியது. 1988-இலும் 2003-இலும் மேலும் சட்டங்கள் வந்தன. தலைவர் அதே தலைவர்தாம். இடையில் அவர் கைக்கு வாக்குகள் வந்திருந்தன.

கப்பலேறி இராமேசுவரம் வந்து இறங்கியவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கையோடு வந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை நடப்பட்டது. 1968-இல் தொடங்கிய அத்திட்டம் பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. எங்கள் பேச்சில் ‘டேன்டீ’. இன்று நெல்லியாளம் ஒரு நகராட்சி. பந்தலூரும் தேவாலாவும் இதனுள் அடக்கம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியினரும் லயன் வாசலுக்கு வந்து கை கூப்புகின்றனர். சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு ஆகியன வாக்கினால் வந்தவை. இதை மறுப்பது நன்றியாகாது. பட்டா மட்டும் வரவில்லை. ஏன்?

கூடலூர், பந்தலூர் பகுதி நிலத்தின் பெரும்பகுதி முன்பு நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1969-இல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஜென்மியிடம் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்ட நிலங்களைப் பற்றி அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு பேசுகிறது. குத்தகையைத் தொடர்வதா, முடிப்பதா என்று அரசே தீர்மானிக்கலாம். அத்தீர்மானம் வழக்குகளிற் சிக்கியது. 1972-இல் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1974-இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்துக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றலாமா என்ற கேள்விக்கு ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரியில் விடை சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம். அரசியல் அறிவியல் மாணவர் படிக்கும் புகழ்பெற்ற கோயலோ வழக்கு இதுதான். இன்னொரு வழக்கும் உண்டு. கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுக்க 1995-இல் தொடுத்தது. அது நாடு முழுமைக்குமான வன வழக்காக வளர்ந்தது. எங்கள் மண் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அம்மண்ணில் வீடு கட்டியவர் பலர் மின் இணைப்புக்கு மனு எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

டேன்டீ தொழிலாளரின் நிலை வேறு வகை. அது வனநிலம். ஓய்வு பெற்றால் லயன் வீட்டை விட வேண்டும். 2022-இல் கழகத்தின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு ஆணை பிறப்பித்தது. காடு வளர வேண்டும் என்பதை நானும் ஒப்புவேன். யானைக்கும் வழி வேண்டுமே. ஆனால் ஒப்பந்தத்தின்பேரில் அழைத்து வரப்பட்டவர்கள் எங்கே போவர் என்பதையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டாமா?

ஆகவே, வாக்குக் கேட்டு வருபவரிடம் “பட்டா வாங்கித் தருவீர்களா?” என்று எங்கள் ஊரார் கேட்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. “தருவேன்” என்று சொல்லிவிட்டுப் போவது யாருக்கும் கடினமன்று. 17-ஆம் பிரிவு நிலத்தில் குடியிருப்போரின் பட்டியலை எடுக்கச் சட்டமன்றத்தில் எப்போது கேட்பீர்கள், ஓய்வு பெற்ற தொழிலாளர் வீட்டுக்கு எந்த இடத்தைக் காட்டுவீர்கள் என்று கேட்கலாம். சென்ற நகராட்சித் தேர்தலின்போது எங்கள் தெருவுக்கு வந்த ஒரு வேட்பாளரிடம் இவ்விரண்டையும் கேட்டேன். “நல்ல கேள்வி, தம்பி” என்று சொல்லித் துண்டறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார். அதில் நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.