ஆகாயப் பேன்

தம் கையாலேயே விமானம் கட்டி, அதிலேயே பறக்கவும் பழக விழைந்த சாமானியர்களுக்கு ஆதர்ச புருஷராக விளங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி மின்யே. கையையும் காலையும் ஒருங்கே இயக்கி வழக்கமான விமானத்தைச் செலுத்துவது தமக்குக் கைவராமையால், கால்மிதிகளை அறவே விலக்கி, மரத்தாலும் துணியாலும் 1933-இல் அவர் சிருஷ்டித்த ‘ஆகாயப் பேன்’, மறு ஆண்டு வெளியான அவருடைய நூலின் வாயிலாக ஐரோப்பாவின் எத்தனையோ கொட்டகைகளில் உருப்பெற்றது. பிடியைப் பின்னுக்கு இழுத்தால் முன்னிறக்கை நிமிர்ந்து விமானம் மேலெழும். பக்கவாட்டில் சாய்த்தால் திரும்பும். இதனினும் எளிய ஏற்பாட்டை நான் அறியேன். ஆயினும், விமானம் தலைகுப்புறச் சரியும் வேளையில் பிடியை இழுக்க, முன்னிறக்கையின் பின்விளிம்பு தாழ்ந்து பின்னிறக்கையை நெருங்கி, அதன் தூக்குவிசையையே பெருக்கிவிட்டமையால், நிமிர வழியின்றிப் பலர் பிராணனை இழந்தனர். பிரான்சிலும் இங்கிலாந்திலும் நடந்த காற்றுச் சுரங்கச் சோதனைகளே இக்குறையை வெளிப்படுத்தின. மின்யே மனந்தளராமல் அதனைத் திருத்தினார். அவருடைய பிற்கால அமைப்புகளைப் பின்பற்றிக் கட்டியவை இன்றும் பறக்கின்றன.