ஒழுகும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு



சாயங்காலம் நான்கு மணிக்குச் செராஸ் பக்கம் வானம் கறுத்துவிட்டால், சில வீடுகளில் கொடியில் காயும் துணியை எடுப்பதற்கு முன்பே வாளியைத் தேடுகிறார்கள். கூடத்தில் ஒரு வாளி, படுக்கையறையில் ஒரு பேசின், அடுப்படியில் ஒரு பழைய பால்மாவு டின். மழை விட்டதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பேச்சையும் மறந்துவிடுகிறோம்.

தோட்டத்து லயன் வீட்டில் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். அவர் எழுதிக்கொள்வார். தச்சர் இன்று வருவார், நாளை வருவார் என்று காத்திருப்போம். முதலாளி கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இன்றும் தோட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் கூரைப் பழுதை ஆபீசில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து, சேமநிதிப் பணமும் வங்கிக் கடனும் போட்டு ஒரு வரிசை வீட்டை வாங்கிவிட்டோமே, அங்கே கிராணியும் நாம்தான், தச்சரும் நாம்தான்.

நம் கோலாலம்பூருக்கும் ஓட்டுக்கும் பழைய உறவு உண்டு. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த இந்த ஊர், 1881ஆம் ஆண்டில் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. பிறகு 1884இல், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். காப்பித்தான் யாப் ஆ லோய் அந்தத் தொழிலுக்கு அங்கே வித்திட்டவர். நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் ஓட்டு வீடு என்றால் ஒரு மதிப்பு இருந்தது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் ஓடுகள் கடல் கடந்தும் போயின. இன்றைய தாமான்களில் பெரும்பாலும் சிமெண்டு ஓடு. களிமண் ஓட்டைவிடக் கனம் அதிகம், ஒன்று நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அது எப்படி? ஓட்டின் அடியில் சிறு மூக்கு ஒன்று இருக்கிறது. அந்த மூக்கு, குறுக்கே அடித்த ரீப்பர்ச் சட்டத்தில் தொங்குகிறது. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறக்குறைய மூன்று அங்குலம் ஏறி உட்காருகிறது. பசையோ சாந்தோ இடையில் கிடையாது. சரிவில் தண்ணீர் விரைவாக ஓடிவிடும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் முழுக் கூரையும் நிற்கிறது. சரிவு போதாவிட்டாலோ, ஓடிவரும் தண்ணீரை எதாவது தடுத்தாலோ, தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் நுழைந்துவிடும்.

பாலைவன நாடுகளில் ஓடு விரிசல் கண்டால், அடுத்த மழை வரும்வரை மாதக்கணக்கில் அது தெரியாது. நமக்கு அந்தக் குறை இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தேங்கி நின்றால் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டிவிடும். மத்தியானம் வெயிலில் கொதித்த ஓட்டின்மேல் சாயங்காலம் மழை கொட்டுகிறது. ஓடு விரிந்து சுருங்க, அதைப் பிடித்திருக்கும் சாந்து வெடிக்கிறது. பழுது இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். எந்த இடத்தில் என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

நானும் ஏமாந்தவன்தான். என் வீட்டுப் படுக்கையறைச் சீலிங்கில் வட்டமாகக் கறை விழுந்தது. அதற்கு நேர் மேலே இருந்த நாலைந்து ஓடுகளைச் சுற்றிச் சிமெண்டு பூசினேன். அடுத்த மழையில் கறை இன்னும் பெரிதானது. உண்மையான ஓட்டை ஆறடி மேலே, முகட்டில் இருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் மரச் சட்டத்தின் வழியே இறங்கி, ஓர் ஆணியைக் கண்ட இடத்தில் சொட்டியிருக்கிறது! தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும், ஆகவே நுழைந்த இடம் சொட்டும் இடத்துக்கு மேலேதான் இருக்கும். இது தெரிந்திருந்தால் ஒரு மூட்டை சிமெண்டு மிச்சமாகியிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மழையில்லாத காலை நேரத்தில் ஒருவர் டார்ச் விளக்குடன் சீலிங் துவாரத்தின் வழியே உள்ளே பார்க்கட்டும். மரத்தில் கறுத்த கோடு, வெள்ளைப் பூப்பு, நேரே விழும் வெளிச்சப் புள்ளி ஆகியவை தடயங்கள். இன்னொருவர் வெளியே இருந்து ரப்பர் குழாயால் தண்ணீர் விட வேண்டும். கூரையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஓரிடத்தில் பத்து நிமிடமாவது விட்டு, மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

வரிசை வீடுகளில் நான் அதிகம் பார்த்த குற்றவாளி, பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படிதான். பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் வெறும் சாந்து பூசிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே தகடு வைத்துச் சுவருக்குள் செருக வேண்டும், வேறு வழியில்லை. அடுத்தது, இரண்டு சரிவுகள் கூடும் கூடல்வாய். இலையும் குப்பையும் அங்கேதான் அடைக்கும். பிறகு முகட்டு ஓட்டின் சாந்து. டிவி ஏரியல் மாட்ட வந்தவர் மிதித்து உடைத்த ஓடும் உண்டு, அவர் போன பிறகுதான் நமக்குத் தெரியும்.

உடைந்த ஓட்டை மாற்றுவது பெரிய வித்தையல்ல. மேலே உள்ள ஓடுகளை மரத்துண்டு கொடுத்துச் சற்றே தூக்கி, உடைந்ததை உருவி, புது ஓட்டின் மூக்கைச் சட்டத்தில் மாட்ட வேண்டும். ஆனால் ஒரு கம்பெனியின் ஓடு இன்னொன்றோடு பொருந்தாது. உடைந்த துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். முகட்டுச் சாந்தை மேலே மெழுகினால் நிற்காது. பெயர்ந்ததைச் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து அழுத்தி அடைக்க வேண்டும். கூரை முழுக்கப் பெயிண்ட் அடித்தால் ஒழுகல் நின்றுவிடும் என்று வாசலில் வந்து சொல்பவரிடம், ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், ஓட்டின்மேல் ஏறாமல் செய்ய முடிந்ததை மட்டும் நாம் செய்வதே நல்லது. பாசி பிடித்த ஓடு வழுக்கும். அலுமினிய ஏணியை மின்கம்பி பக்கம் கொண்டுபோகக் கூடாது. கறை மின்விளக்கின் அருகே இருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது யாரும் ஏறவே கூடாது. பழைய கூரை ஓடாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் துளைக்காதீர்கள், உரசிக் கழுவாதீர்கள். அதன் நுண்ணிய இழை நுரையீரலுக்குக் கேடு. அதுவும் நம் எடையைத் தாங்காமல் உடைந்துவிடும்.

கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பீலியை மட்டும் மறக்காதீர்கள். இலை அடைத்த பீலியில் தண்ணீர் சுவர்ப்பக்கம் வழியும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது டிங்கிக் கொசுவாகப் பறக்கும். வீட்டில் கொசு வளரவிடுவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

இங்கே ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை மிகும். ஜூன், ஜூலையில் சற்றே ஓயும். கொத்தனார் கிடைப்பதும் அப்போது எளிது. அவரை அழைக்குமுன் ஒரு மழை நாளில் எங்கே, எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்று குறித்து வையுங்கள். வேலை முடிந்ததும் மிச்சமுள்ள ஓடுகளை அவர் லாரியில் ஏற்றிவிடாமல், பத்து ஓட்டையாவது வாங்கிப் பின்சுவர் ஓரம் அடுக்கிவையுங்கள்.