ஒருத்தருக்கு மட்டும் சமையலா? ‘ஏர் ஃப்ரையர்’ கைகொடுக்கும்... ஆனால்!

“எனக்கு ஒருத்திக்காக எதுக்கு டாக்டர் தனியா சமைக்கணும்? ரெண்டு பிரெட்டைப் பாலில் தோய்ச்சுத் தின்னுட்டுப் படுத்துடறேன்!”

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் பெண்களில், அறுபதைத் தாண்டித் தனியாக இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. கணவர் காலமாகியிருப்பார். பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான். வந்த காரணம் கேட்டால் களைப்பு, மலச்சிக்கல், கால் மரத்துப் போகிறது, தூக்கமில்லை என்று ஒரு பட்டியல் வரும். நாடி பார்ப்பதற்கு முன்னால், “நேத்து மூணு வேளையும் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்பது என் வழக்கம். காலையில் காபியும் பிஸ்கட்டும். மதியம் தயிர் சாதம், ஊறுகாய். ராத்திரி பிரெட். வசதிக்குக் குறைவில்லை. தனக்காக ஒரு வாணலியை அடுப்பில் ஏற்ற மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆண்களும் இதற்கு விலக்கில்லை. மனைவி மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் வெளிநாடு போய்விட்டால், நம்ம ரிட்டயர்டு ஐயாவின் கதியும் இதேதான்.

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் இப்போது ஒரு ‘ஏர் ஃப்ரையர்’ இருக்கிறது. மகன் தீபாவளிக்கு ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருப்பான். அது பெட்டியோடு பரண் மேல் தூங்கும். பேரன் லீவுக்கு வந்து உருளைக்கிழங்கு ஃப்ரை கேட்டால் மட்டும் கீழே இறங்கும். நான் சொல்வது என்னவென்றால், பேரனைவிட உங்களுக்குத்தான் அது அதிகம் தேவை. சின்னக் கூடை, சரியாக ஒரு ஆள் சாப்பாட்டுக்கான அளவு. பக்கத்தில் நின்று கிளற வேண்டாம். மறந்தாலும் தானாக அணைந்துவிடும். காஸ் அடுப்பை மூட்டிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும் வயதில் இது சின்ன விஷயமா?

பெயரில் இருக்கிறது குழப்பம்!

‘ஃப்ரையர்’ என்று பெயர் வைத்ததால், எண்ணெய் இல்லாமலே பூரியும் பஜ்ஜியும் பொரித்துவிடலாம் என்று பலர் நினைத்து ஏமாந்து போகிறார்கள். 2010ல் ஃபிலிப்ஸ் கம்பெனி இந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பரவிய சாதனம் இது. உண்மையில் இது ஒரு குட்டி அவன். மேலே ஒரு சுருள் கம்பி சூடாகும். அதற்கு மேல் உள்ள மின்விசிறி அந்தச் சூட்டை வேகமாகச் சுழற்றி உணவின் மேல் அடிக்கும். மேல்புற ஈரம் சட்டென்று உலர்ந்து மொறுமொறுப்பு வருகிறது. நம் பாட்டிமார் கும்முட்டி அடுப்புத் தணலில் கத்திரிக்காய் சுட்டார்களே, அதற்குத்தான் இது சொந்தம். வாணலிக்கு இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பஜ்ஜி மாவு கொதிக்கிற எண்ணெயில் விழுந்த நொடியே இறுகும். இங்கே இறுகுவதற்கு முன்பே கூடையின் ஓட்டை வழியாக ஒழுகிவிடும். அப்பளம், கறிவேப்பிலை போன்ற லேசான சமாசாரங்கள் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகும். அப்பளத்தின் மேல் சின்னக் கம்பித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் பறக்காது. சோறு, ரசம், குழம்பு இதன் வேலையே இல்லை. அதற்குச் சின்னக் குக்கர் இருக்கட்டும்.

எதை வைத்தால் பேஷாக வரும்?

முதலிடம் கத்திரிக்காய்க்கு. கால் கிலோவில் பெரிய காய் ஒன்று போதும். கழுவித் துடைத்து, முள் கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். குத்தாமல் விட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். அரை ஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிடவும். கடைசிக் கால்மணி நேரம் ஐந்தாறு சின்ன வெங்காயத்தைத் தோலோடு பக்கத்தில் போட்டால் அதுவும் வெந்துவிடும். தோலை உரித்து மசித்து, உப்பு, கீறிய பச்சை மிளகாய், அரைக் கப் கெட்டித் தயிர் சேர்த்தால் பச்சடி. புளித்தண்ணீர், துளி வெல்லம் சேர்த்து அடுப்பில் ஒரு கொதி விட்டுத் தாளித்தால் கொத்சு. இது வேகும் நேரத்தில் குக்கரில் ஒரு பிடி அரிசி வெந்துவிடும். சூடாக ஒரு வேளைச் சாப்பாடு ஆச்சு!

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மீன். ஒரே ஒரு துண்டு கேட்டால் மீன்காரம்மா முறைப்பார். அரைக் கிலோ வாங்கி, மஞ்சள், மிளகு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு பிசறி, துண்டுகளைத் தனித்தனிப் பொட்டலமாக ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். மறுநாள் சாப்பிட வேண்டியதை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் உறை விட்டிருக்கும். இரு பக்கமும் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்ப வேண்டும். நடுவில் பிட்டுப் பார்த்தால் சதை வெள்ளையாக, இதழ் இதழாக உதிர வேண்டும். அதுதான் வெந்ததற்கு அடையாளம்.

சைவக்காரர்களுக்குப் பனீர். 75 கிராம் துண்டுகளைத் தயிரும் மசாலாவும் கலந்து பிசறி, குடைமிளகாய், வெங்காயத்தோடு 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையைத் துணியில் ஒற்றியெடுத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, 190 டிகிரியில் கால்மணி நேரம் வைத்தால் கரகரவென்று வரும். பல்செட் போட்டவர்கள் இந்தக் கரகரப்பைத் தேடிப்போக வேண்டாம். சாதாரணச் சுண்டலே உத்தமம்.

ஏன் மீன், பனீர், கடலை என்று அடுக்குகிறேன்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வகுத்த கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். பிரெட்டும் தயிர் சாதமும் உண்பவருக்கு அதில் பாதி தேறினாலே பெரிசு. அது குறைந்தால் தசை கரையும், கால் தள்ளாடும். தள்ளாடிக் குளியலறையில் விழுந்த பிறகு தைலம் கேட்டு என்னிடம் வருவார்கள்! 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், 75 கிராம் பனீரில் சுமார் 13 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டு அளவைத் தீர்மானிக்கவும்.

மசால் வடை கேட்பீர்களே! ஒரு கைப்பிடி கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சோம்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, வெங்காயம் கலந்து மெல்லிசாகத் தட்டி, மேலே எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். டீக்கடை வடை மாதிரி வராது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வடைக்காகக் கால் லிட்டர் எண்ணெயைக் காய்ச்சி, மிச்சத்தை மூடி வைத்து நாளைக்கும் மறுநாளும் சூடு பண்ணுகிறோமே, அது மிச்சம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 முதல் அமலில் உள்ளது. வீட்டில் யார் அளந்து பார்க்கிறார்கள்?

அடுப்பு மாறினால் போதுமா?

இனிமேல்தான் அந்த ‘ஆனால்’! இந்த எந்திரம் தருவது வறண்ட சூடு. வறட்சியை வாதத்தின் குணமாகச் சொல்கிறது சித்த மருத்துவம். காலையில் டோஸ்ட், மதியம் வறுவல், ராத்திரியும் வறுவல் என்று போனால் மலம் இறுகும், வயிறு உப்பும். “எண்ணெயே சேர்க்கலை டாக்டர்” என்று பெருமையாகச் சொல்பவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். கேரட், பரங்கிக்காயில் உள்ள கரோட்டின் சத்து உடம்பில் சேர்வதற்கே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஆகவே கூடையில் ஒரு காய் வெந்தால், தட்டில் ரசமோ கீரை மசியலோ ஈரமாக ஒன்று இருக்கட்டும். மோரில் தண்ணீரை நிறையச் சேர்த்தும், நெய்யை உருக்கியும் சாப்பிடச் சொல்கிறது சித்தர் நூல். அந்த உருக்கிய நெய் ஒரு ஸ்பூன் சூடான சாதத்தில் விழட்டும்.

முதல் நாள் சமைத்த கறி வேண்டாம் என்கிறது தேரையரின் பிணியணுகா விதி. அவர் காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லைதான். ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பை மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வைத்துவிட்டுப் போன குழம்பு வெள்ளிக்கிழமை வரை ஓடுவதுதான் கூடாது. சாதத்தை மணிக்கணக்கில் வெளியில் வைத்திருந்து பிறகு சூடு பண்ணுவதும் ஆபத்து. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு சூட்டுக்கும் அழியாது. வாந்தியில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, நிறம். உருளைக்கிழங்கு, வாழைக்காய், பிரெட் போன்ற மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் வறண்ட சூட்டில் வறுபடும்போது ‘அக்ரிலமைடு’ என்ற பொருள் உண்டாவதை 2002ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கலாம் என்று கருதப்படும் பொருட்களின் பட்டியலில் அது 1994லேயே இருக்கிறது. பயந்து ஓட வேண்டாம். நறுக்கிய கிழங்கை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, வடித்துத் துடைத்து, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருஞ்சிவப்பு வரை விடாதீர்கள்.

கடையில் உறையவைத்து விற்கும் ஃப்ரெஞ்ச் ஃப்ரை, நக்கெட் பாக்கெட்டுகளை, “எண்ணெய் இல்லாமத்தானே பண்றேன்” என்று தினமும் தட்டுபவர்கள் கவனிக்க: அவற்றில் பெரும்பாலானவை உறைவதற்கு முன்பே எண்ணெயில் அரைவேக்காடு பொரிக்கப்பட்டவை. நக்கெட்டில் உப்பும் தாராளம். ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டுவிட்டு, “பசிக்கலை” என்று சாப்பிடாமல் படுப்பது, தனியாக இருப்பவர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம். நடு இரவில் சர்க்கரை இறங்கி வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பினால் பார்ப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. உணவுக்கு முன் போடும் மாத்திரையானால், முதலில் கூடையில் உணவை வையுங்கள், பிறகு மாத்திரை டப்பாவைத் திறங்கள். சாப்பாடு மாறியதால் மருந்தை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. ஒரு ஆளுக்கு 2 லிட்டர் கூடை தாராளம். பெரிய ரகங்கள் 1,400, 1,500 வாட்ஸ் மின்சாரம் இழுக்கும். 20 நிமிடத்துக்கு அரை யூனிட். அதற்கு 6 ஆம்பியருக்கு மேல் போகும் என்பதால் சாதாரண பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் வயரிலோ மாட்டாதீர்கள். மிக்ஸிக்குப் பக்கத்தில் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும். பின்பக்கம் சூடான ஆவி வரும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கூடையை ஆறவிட்டு, வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு அன்றன்றைக்கே கழுவவும். ஸ்டீல் நார் பட்டால் உள்பூச்சு உரியும். தங்கிய எண்ணெய் மறுநாள் புகையும்.

பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைகளே! தொடுதிரை ரகம் வேண்டாம். திருகுகிற குமிழ் இரண்டு உள்ளதாகப் பாருங்கள். ஒன்று சூட்டுக்கு, ஒன்று நேரத்துக்கு. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பரணிலிருந்து அதை இறக்கி, அம்மாவை ஒரு கத்திரிக்காய் சுடச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு ‘மீன் 180 - 12 நிமிடம், கத்திரிக்காய் 200 - 25 நிமிடம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள்.