திரும்பவும் வகுப்பறைக்கு – 7: கையில் இருக்கும் பட்டமே குறுக்கே நின்றால்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தமிழ்ப் பள்ளியின் சாப்பாட்டு மண்டபம் நிறைந்துவிடும். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பெற்றோர் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றுவார்கள். வடமேற்கு லண்டனில் இருக்கும் அந்த மண்டபத்தின் மூலையில் உள்ள மேசை நாலைந்து வருடமாக என் மேசை என்றாகிவிட்டது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களும், நிரப்பியும் மறுப்புக் கடிதம் வாங்கியவர்களும் அங்கே வந்து உட்காருவார்கள்.

பல்கலைக்கழகத்தில் இடம் பிடிப்பது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். இடம் கிடைத்த மறுநாளே காசு பற்றிய கேள்வி வந்துவிடுகிறது.

அன்று வந்தவருக்கு 46 வயது. ஒரு பிளாஸ்டிக் கோப்புறையிலிருந்து லாமினேற் செய்த தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைமாணிப் பட்டம், 2004. தாளின் கீழ் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர்க் கறை. லாமினேற் செய்வதற்கு முன்னரே பட்ட கறை.

“அண்ணை, கம்பஸ் முடிச்சதுதான் எனக்குப் பிழையாப் போச்சு” என்றார்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தாளை எந்த முதலாளியும் திரும்பிப் பார்த்ததில்லை. சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை, பிறகு கெயார் ஹோமில் பதினைந்து வருடம். நாலு வருடத்துக்கு முன் வணிக நிர்வாகம் படிக்க ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கடனுக்கு விண்ணப்பித்தார். ‘உங்களிடம் ஏற்கெனவே பட்டம் இருக்கிறது, ஆகவே கடன் இல்லை’ என்று பதில் வந்தது. வேலை தேடியபோது செல்லாக்காசாக இருந்த பட்டம், கடன் கேட்டபோது மட்டும் முழுப் பெறுமதியோடு முன்னால் வந்து நின்றது. அதோடு படிப்பு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

இங்கிலாந்தின் மாணவர் கடன் முறையில் வயது வந்தவர்களை அதிகம் தடுக்கும் விதி இதுதான். (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி முறைகள் உண்டு. நான் எழுதுவது இங்கிலாந்தில் குடியிருப்பவர்களுக்கு.) ஏற்கெனவே பெற்ற தகுதிக்குச் சமமான அல்லது அதைவிடக் குறைந்த படிப்புக்கு அரசுக் காசு கிடையாது என்பதே அதன் சாரம். முதல் பட்டத்தை எந்த நாட்டில் எடுத்தாலும் கணக்குத்தான், சொந்தக் காசில் படித்திருந்தாலும் கணக்குத்தான். 2007-இல் அப்போதைய அமைச்சர் ஜோன் டென்ஹாம் இரண்டாவது பட்டம் படிப்பவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 10 கோடி பவுணை நிறுத்தி, முதன்முறை படிக்க வருபவர்களுக்குத் திருப்பிவிடுவதாக அறிவித்தார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை நம்பியிருந்த திறந்த பல்கலைக்கழகமும் பேர்க்பெக் கல்லூரியும் கடுமையாக எதிர்த்தன. பலன் இல்லை.

முதன்முறை வருபவருக்கு முன்னுரிமை என்பது நியாயமான எண்ணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, தன் பட்டத்தால் ஒரு சதமும் உழைக்க முடியாமல் போனவரை, லண்டனில் பட்டம் வாங்கி வங்கியில் வேலை பார்ப்பவரோடு ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “உங்களுக்கு உண்மையிலேயே என்ன படிக்க விருப்பம்?”

“நேர்சிங்தான். பதினைஞ்சு வருசமா அந்த வேலைதானே செய்யிறன். பேருதான் வேற.”

அந்த ஒரு சொல் போதும். தாதியர், மருத்துவச்சி, பிசியோதெரபி போன்ற சுகாதாரத் தொழில்களின் முழுநேரப் பட்டப்படிப்புகள் இந்தத் தடைக்கு விலக்கு. ஏற்கெனவே பட்டம் இருந்தாலும் கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடைக்கும். அத்தோடு என்எச்எஸ் ஆண்டுக்கு 5,000 பவுண் உதவித்தொகை தருகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிள்ளை வளர்ப்பவருக்கு இன்னும் 2,000. நாலு வருடமாக இந்தக் கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது. வணிகப் படிப்புக்கு வந்த மறுப்பை எல்லாப் படிப்புக்குமான மறுப்பாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அப்படி இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வேறு கதவுகளும் உண்டு. பொறியியல், கணினி போன்ற துறைகளைப் பகுதிநேரமாகப் படித்தால், பட்டம் இருப்பவருக்கும் கட்டணக் கடன் உண்டு. ஆசிரியப் பயிற்சிக்கும் உண்டு. அங்கே கதை தலைகீழ்: பட்டம் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். ஊரில் வாங்கிய பட்டத்தை இங்குள்ள தரத்தோடு ஒப்பிட்டு ‘யூகே ஈனிக்’ தரும் சான்றிதழ் அதற்குத் தேவைப்படும். முதுமாணிப் படிப்புக்கான கடனும் அப்படித்தான். 60 வயதுக்குக் கீழே இருந்து, ஏற்கெனவே முதுமாணிப் பட்டம் இல்லாவிட்டால் விண்ணப்பிக்கலாம். 2025-26 கல்வியாண்டில் உச்சத்தொகை 12,858 பவுண். இளமாணிக்குப் பூட்டாக இருந்த அதே பட்டம் முதுமாணிக்குத் திறப்பு. ஊரில் பட்டம் எடுத்த எங்கள் ஆட்கள் பலர் திரும்பவும் முதலாம் ஆண்டில் போய் உட்காரத்தான் வழி தேடுகிறார்கள், இதை யோசிப்பதே இல்லை.

குடியிருப்பு விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர வதிவிட உரிமை இருக்க வேண்டும், படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடமும் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கு அந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. தற்காலிக விசாவில் நீண்ட காலம் இருப்பவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. சிறுவயதில் சாம்பியாவிலிருந்து வந்த பியூரிஷ் டிகெரே என்ற பெண் 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்குக்குப் பிறகு வந்தது அது.

பட்டம் முடித்தவரின் கதை இப்படி என்றால், பாதியில் விட்டவரின் கணக்கு வேறு. அதுதான் மேசையில் எனக்கு அதிக நேரம் எடுக்கும்.

41 வயதுத் தங்கை ஒருவர் வந்தார். 2003-இல், பத்தொன்பது வயதில் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அப்போது வருடக் கட்டணம் 1,125 பவுண். அப்பா பெற்றோல் நிலையத்தில் உழைத்துக் கட்டினார். இரண்டாம் ஆண்டு தொடங்கி இரண்டு மாதத்தில் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. படிப்பை விட்டுவிட்டு வீட்டில் நின்றார். இப்போது மூன்று வருடப் படிப்பு ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது.

விதி இதுதான்: புதிய படிப்பின் ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், முன்பு படித்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மிஞ்சுகிற ஆண்டுகளுக்கே கட்டணக் கடன். அவருக்கு மூன்றும் ஒன்றும் நாலு. முன்பு படித்தது ஒரு வருடமும் இரண்டு மாதமும் என்பது அவர் கணக்கு. இரண்டு என்பது விதியின் கணக்கு, ஏனென்றால் ஆண்டின் எந்தத் துண்டும் முழு ஆண்டாகவே எண்ணப்படும். அப்பா கட்டிய காசுக்கும் கழிவு இல்லை. ஆக, இரண்டு வருடத்துக்குத்தான் கடன் மிச்சம். அதிலும் முதல் ஆண்டைத்தான் கைக்காசில் கட்ட வேண்டும், கடன் அதற்குப் பிறகே தொடங்கும். 2025-26-இல் முழுநேரப் படிப்பின் உச்சக் கட்டணம் 9,535 பவுண். வாழ்க்கைச் செலவுக் கடனை இந்தக் கழித்தல் தொடாது, பட்டம் முடிக்காதவருக்கு அது மூன்று வருடமும் கிடைக்கும். ஆனாலும் 9,535-க்கு எங்கே போவார்?

இங்கேதான் ‘தவிர்க்க முடியாத தனிப்பட்ட காரணம்’ என்ற பிரிவு உதவும். நோய், சாவு, பராமரிப்பு போன்ற காரணத்தால் அந்த ஆண்டை முடிக்க முடியாமல் போனது என்று ஆதாரத்தோடு காட்டினால், மேலதிகமாக ஓர் ஆண்டுக்கான கடனைத் தரலாம். சும்மா சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். இருபது வருடத்துக்கு முந்திய கடிதத்துக்கு எங்கே போவது என்று அவர் கையைப் பிசைந்தார். அடுத்த சனிக்கிழமை ஒரு டேனிஷ் பிஸ்கட் டின்னோடு வந்தார். அம்மா அதற்குள் எல்லாம் வைத்திருந்தார்: மகளின் பள்ளி ரிப்போர்ட், சாதகம், ஆஸ்பத்திரிக் கடிதங்கள். 2004 நவம்பர் திகதியிட்ட ஒரு கடிதத்தில், நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்பவர் மகள் என்று வைத்தியர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும், படிப்பை விட்ட திகதியைக் காட்டும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து முதல் ஆண்டுக்கும் கடன் உண்டு என்று பதில் வந்தது.

இந்த ஆண்டுகள் தங்கம் மாதிரி. அதனால்தான் கொமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. “கிழமையில இரண்டு நாள் வந்தால் போதும், வருசத்துக்குக் காசு கையில வரும்” என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறார்கள். பல்கலைக்கழகங்களின் பெயரில் வேறு கல்லூரிகள் நடத்தும் படிப்புகளில் கடன் காசு போகும் வழியைப் பற்றி இந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2024 ஜனவரியில் அறிக்கை எழுதியது. அப்படிச் சேர்ந்து நாலு மாதத்தில் விட்டவருக்குக் கடனும் ஏறும், ஓர் ஆண்டும் கழியும். உண்மையாகவே படிக்க நினைக்கும் நாளில் அந்த ஆண்டு இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காத்திருங்கள், யாரிடமாவது காட்டுங்கள்.

எங்கள் வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. 25 வயதைத் தாண்டியவரின் பெற்றோர் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள், துணைவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். கணவன் தன் பெயரில் கணக்குத் திறந்து, தேசியக் காப்புறுதி எண்ணைக் கொடுத்து, வருமானத்தைக் காட்ட வேண்டும். இந்தப் படியில் நின்றுபோன விண்ணப்பங்கள் எனக்குத் தெரியும். சம்பளத்தை மனைவியிடம்கூடச் சொல்லிப் பழகாத மனிதர்கள். காட்டாவிட்டால் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் தரும் அடிப்படைத் தொகை மட்டுமே வரும். லண்டனில் பெற்றோரோடு இல்லாமல் வாழும் மாணவருக்கு 2025-26-இல் உச்சத்தொகை 13,762 பவுண். அது வீட்டு வருமானம் 25,000-க்கு மேல் போகப் போகக் குறையும். கணவனின் வேலை நேரம் வெட்டப்பட்டு வருமானம் 15 சதவீதமாவது விழுந்திருந்தால், பழைய ஆண்டை விட்டு நடப்பு ஆண்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு யுனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: இந்தக் கடனை அங்கே வருமானமாகக் கணக்கெடுப்பார்கள். முதல் மாதம் தொகை குறைந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தவர்கள் பலர்.

‘இந்த வயதில் கடன் எடுத்து, நான் செத்தால் பிள்ளைகளின் தலையில் விழுமே’ என்று கேட்காதவர் இல்லை. வட்டிக்கு வாங்கிய கடன் வீட்டையும் வளவையும் தின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தப் பயம் நியாயமானது. இந்தக் கடன் அப்படி இல்லை. எடுத்தவர் இறந்தால் அத்தோடு ரத்து. இப்போது தொடங்குபவர் ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால், மேலதிகத் தொகையில் 9 சதவீதம் சம்பளத்தில் கழியும். 31,000 உழைத்தால் மாதம் 45 பவுண். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. 46 வயதுக்காரருக்கு அது எந்த வயதில் வரும் என்று அவரே கணக்குப் பார்த்துச் சிரித்தார்.

60 வயதை நெருங்குபவர்களுக்கு ஒரு செய்தி. கட்டணக் கடனுக்கு இதுவரை வயது எல்லை இல்லை. 60-க்கு மேல் வாழ்க்கைச் செலவுக் கடன்தான் குறையும். 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்குப் புதிய முறை வரப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது: ஒவ்வொருவருக்கும் நாலு வருடக் கட்டணத்துக்குச் சமமான கடன் உரிமை, துண்டு துண்டாகவும் எடுக்கலாம், ஆனால் 60 வயதுவரைதான். பட்டம் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் வாசலை அடைக்கும் பழைய விதியும் அத்தோடு போகும் என்கிறார்கள். அது வந்தால் நான் மனதார வரவேற்பேன். ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாம் என்றிருந்தவர்கள் மட்டும் நாளை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 46 வயதுக்காரரின் விண்ணப்பத்தை மடிக்கணினியில் திறந்தோம். முன்பு படித்த படிப்புகள் என்ற பகுதிக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது.

“இதை விட்டிட்டுப் போகேலாதா அண்ணை? ஊரில படிச்சது ஆருக்குத் தெரியப்போகுது?”

“போடுங்கோ. மறைச்சால் பிறகு எல்லாத்தையும் திருப்பிக் கேப்பினம். நேர்சிங்குக்கு அது இருந்தாலும் தருவினம்.”

தாளை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயர், நாடு, தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு. தட்டி முடித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இன்னொரு முறை வாசித்தார். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. அவருடைய மகள் ‘அம்மா பசிக்குது’ என்று ஓடி வந்து, திரையை எட்டிப் பார்த்து, “நீங்க யூனிக்குப் போனீங்களா?” என்று கேட்டாள்.