வெளிநாட்டு அப்பார்ட்மென்ட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறாங்களா? சிவகாசி பட்டாசு மோசடி சொல்லித்தரும் பாடம்!

தீபாவளி நெருங்கினாலே உங்க போன்ல இந்த விளம்பரம் வந்து நிக்கும். 'சிவகாசியிலிருந்து நேரடி விலையில் பட்டாசு, 80% தள்ளுபடி, வீட்டுக்கே டெலிவரி!' க்ளிக் பண்ணினா அழகான வெப்சைட், கிஃப்ட் பாக்ஸ் படங்கள், சிவகாசி முகவரி, ஒரு வாட்ஸ்அப் நம்பர். பணம் அனுப்புற வரைக்கும் பதில் உடனுக்குடன் வரும். அனுப்பின பிறகு நம்பர் ஸ்விட்ச் ஆஃப்!

2024 தீபாவளிக்கு முன்னாடி தமிழ்நாடு காவல்துறையின் சைபர் க்ரைம் பிரிவு இந்த மோசடி பற்றி எச்சரிக்கையே விட்டது. இத்தனைக்கும் ஆன்லைன்ல பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-லேயே தடை போட்டுடுச்சு.

இதுக்கும் வெளிநாட்டு டூருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? சம்பந்தம் இருக்கு. தீபாவளி முடிஞ்சாதான் விருதுநகர் மாவட்டத்துல பட்டாசுத் தொழில்ல இருக்கிற குடும்பங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். கைல நாலு காசு இருக்கும். 'மச்சி, ஆறு பேர் சேர்ந்து பாங்காக் போலாமா? ஹோட்டல் வேணாம், ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்துக்கலாம்'னு பேச்சு ஆரம்பிக்கும். அங்கேயும் அதே வலைதான் விரிச்சு வெச்சிருக்காங்க.

தள்ளுபடியைப் பார்க்காதீங்க, பணம் போற இடத்தைப் பாருங்க

சிவகாசிக்காரங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். 80% தள்ளுபடிங்கிறது அங்கே நிஜக் கடைகளும் போடுற கணக்குதான். விலைப்பட்டியல்ல ஏத்திப் போட்டுட்டு, அப்புறம் குறைப்பாங்க. அதனால, தள்ளுபடியை மட்டும் வெச்சு எது அசல், எது போலின்னு பிரிக்க முடியாது. வாடகை வீட்டுக்கும் இதேதான். சீப்பா இருக்கிறதெல்லாம் போலி இல்லை. சரியான விலை சொல்றவங்க எல்லாரும் நல்லவங்களும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். வீட்டுக்குள்ள நீங்க காலை வைக்கிற வரைக்கும் உங்க பணம் யார் கையில இருக்கும்?

ஏர்பிஎன்பி மாதிரி தளத்துல கட்டினா, பணம் முதல்ல தளத்துக்கிட்ட இருக்கும். நீங்க செக்-இன் பண்ண வேண்டிய நேரத்திலிருந்து சுமார் 24 மணி நேரம் கழிச்சுதான் வீட்டுக்காரருக்குப் போகும். போன இடத்துல வீடே இல்லைன்னா, அந்த இடைவெளியிலேயே புகார் பண்ணலாம். அதனாலதான் மோசடிக்காரர் முதல் வேலையா உங்களைத் தளத்துல இருந்து வெளியே இழுக்கப் பார்ப்பார். 'தளத்துக்கு கமிஷன் எதுக்கு? வாட்ஸ்அப் வாங்க, நேரா அனுப்புங்க, 20% குறைச்சுத் தர்றேன்' என்பார். இந்த வரி வந்ததுமே பேச்சை முடிச்சுடுங்க.

இன்னொரு தந்திரமும் உண்டு. வீட்டுக்காரரோட அக்கவுன்ட்டையே ஹேக் பண்ணி, ஆப் சாட்டுக்குள்ளயே, 'உங்க கார்டை வெரிஃபை பண்ணலைன்னா புக்கிங் கேன்சல்'னு லிங்க் அனுப்புவாங்க. லிங்க்கைத் தொடாதீங்க. ஆப்பை நீங்களே திறந்து, 'பேமென்ட்' பகுதியில பாக்கி ஏதாவது காட்டுதான்னு பாருங்க. அங்கே இல்லைன்னா, அது பொய்.

எந்த வழியில் கட்டலாம்?

கிரெடிட் கார்டு: இருக்கிறதுல பாதுகாப்பானது இதுதான். சொன்ன வீடு கிடைக்கலைன்னா, வங்கியில 'சார்ஜ்பேக்' கேட்கலாம். பொதுவா 120 நாள் வரை அவகாசம் இருக்கும். வங்கிக்கு வங்கி மாறும்கிறதால தாமதிக்காம எழுதிக் கொடுங்க. விளம்பரம், சாட், ரசீது எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தாதான் வாதாட முடியும்.

டெபிட் கார்டு: இதுலயும் புகார் பண்ணலாம். ஆனா, பணம் உங்க சேமிப்புக் கணக்குல இருந்து உடனே போயிடும். விசாரணை முடியுற வரைக்கும் கை காலியா காத்திருக்கணும்.

யு.பி.ஐ, பேங்க் டிரான்ஸ்ஃபர்: முன்பின் தெரியாதவருக்கு வேண்டாம். பின் நம்பரை நீங்களே போட்டு அனுப்பின பணத்தைத் திரும்ப எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். வெளிநாட்டு வங்கிக் கணக்குக்குப் போயிட்டா இன்னும் கஷ்டம். 'தாய்லாந்து வீட்டுக்கு இந்திய யு.பி.ஐ ஐ.டி-க்கு அனுப்புங்க'ன்னு சொன்னா, அங்கேயே சந்தேகப்படுங்க.

கிரிப்டோ, கிஃப்ட் கார்டு: கேட்டாலே ஓடிடுங்க.

கார்டுல ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. ரிசர்வ் வங்கியோட 2020 விதிப்படி, புதுசா தர்ற கார்டு இந்தியாவுக்குள்ள ஏ.டி.எம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு ரெண்டையும் வங்கி ஆப்ல நீங்களே ஆன் பண்ணணும். வெளிநாட்டுத் தளங்கள் பலதுல ஓ.டி.பி இல்லாமலேயே பணம் எடுக்க முடியும். அதனால தேவையான தொகைக்கு மட்டும் லிமிட் வெச்சு, கட்டி முடிச்சதும் ஆஃப் பண்ணிடுங்க.

கட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

வீட்டுப் படங்களை கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடுங்க. அதே ஹால், அதே சோபா வேற ஊர்ல வேற பேர்ல வந்தா, படம் திருடினது. முகவரியை மேப்ல போட்டு, ஸ்ட்ரீட் வியூல கட்டடத்தைப் பாருங்க. முடிஞ்சா வீடியோ கால்ல வீட்டைக் காட்டச் சொல்லுங்க. 'நான் ஊர்ல இல்லை, சாவி கொரியர்ல வரும்' என்றால் வேண்டாம்.

அந்த ஊர்ச் சட்டத்தையும் பாருங்க. சிங்கப்பூர்ல தனியார் அப்பார்ட்மென்ட்டைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவா வாடகைக்கு விடக்கூடாது. அரசுக் குடியிருப்பான எச்.டி.பி வீடுகளுக்கு 6 மாதம். அப்படின்னா, 'லிட்டில் இந்தியா பக்கத்துல 3 நாளைக்கு ஃபிளாட்'னு விளம்பரம் வந்தா, ஒண்ணு மோசடி, இல்லைன்னா சட்டவிரோதம். அங்கே ஹோட்டல், ஹாஸ்டல், லைசென்ஸ் உள்ள சர்வீஸ் அப்பார்ட்மென்ட்தான் வழி. தாய்லாந்துலயும் 30 நாளுக்குக் குறைவா வீடு விட, 2004 ஹோட்டல் சட்டப்படி லைசென்ஸோ அரசுப் பதிவோ வேணும். ரெண்டும் இல்லாத காண்டோவுக்குப் பணம் கட்டிட்டுப் போனா, வாசல்லயே செக்யூரிட்டி திருப்பி அனுப்பலாம்.

முகவரி சான்றுன்னு ஆதார், பான் கார்டு கேட்டா கொடுக்காதீங்க. வெளிநாட்டுல செக்-இன் பண்ண பாஸ்போர்ட் போதும். அதையும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு காட்டினா போதும்.

ஏமாந்துட்டா?

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீங்க. அந்த நிமிஷமே 1930-க்கு போன் பண்ணுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள புகார் போனா, முடக்க வாய்ப்பு இருக்கு. யு.டி.ஆர் எனும் பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூணையும் கைல வெச்சுக்கோங்க. மத்திய அரசின் சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் புகாரைப் பதிவு பண்ணுங்க. வங்கியைக் கூப்பிட்டு கார்டை பிளாக் பண்ணுங்க. மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துலயும் நேர்ல புகார் கொடுக்கலாம். அப்புறம் யாராவது போன் பண்ணி, 'பணத்தை மீட்டுத் தர்றோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க' என்றால், அது ரெண்டாவது மோசடி!

ஆறு பேர் டூர்ல பெரும்பாலும் ஒருத்தர்தான் வீடு புக் பண்ணுவார். மத்த அஞ்சு பேரும் சீட்டு எடுத்த காசையோ, தீபாவளி போனஸையோ அவருக்குத்தான் ஜிபே பண்ணியிருப்பாங்க. பணம் போயிட்டா அவங்க கேட்கப் போறது முகம் தெரியாத வீட்டுக்காரரை இல்லை, அவரைத்தான். இந்தத் தடவை அந்த ஒருத்தர் நீங்கன்னா, 20% மிச்சம் பிடிக்கிறதுக்காக ஆப்பை விட்டு வெளியே வராதீங்க.