28 பேர் கண்ட ராஜ்யம்

சாத்தான்குளம் பக்கம் பஸ்ஸில் போனால் கண்டக்டர் கூவுகிற ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். முதலூர், ஆனந்தபுரம், நாசரேத், பிரகாசபுரம், மெஞ்ஞானபுரம், கிறிஸ்தியாநகரம். திருச்செந்தூர்ப் பக்கம் போனால் அடைக்கலாபுரம். பனையும் உடைமரமும் செம்மண் தேரியுமாகக் கிடக்கிற பூமியில் இப்படிப் பெயர் வைத்தது யார் என்று சின்ன வயதில் நான் யோசித்ததில்லை. இறங்க வேண்டிய இடம், அவ்வளவுதான். இவற்றில் பல, துரத்தப்பட்டவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட பெயர்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

1799-ஆம் வருஷம். திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர்களுக்கும் கம்பெனிப் படைக்கும் சண்டை. அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். எந்த ராஜ்யம் நிலைக்கும், எது கவிழும் என்று யாருக்கும் தெரியாத அந்த வருஷத்தில்தான், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் ஞானஸ்நானம் பெற்றவர்களை அழைத்துக்கொண்டு நிலம் தேடி அலைந்தார். அவர்கள் பனையேறிக் குடும்பத்தினர். இருந்த ஊரில் அடி வாங்கினார்கள்; ஜெபக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் கொடுத்த பணத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. 28 பேர் அங்கே குடியேறினார்கள். சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் ஊர். ஆகவே முதலூர்.

அந்த முதல் ராத்திரி அவர்கள் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லாமல் படுத்திருக்க மாட்டார்கள். கடவுளின் ராஜ்யம் வரவேண்டும் என்று அதில் ஒரு விண்ணப்பம் உண்டு. நானும் நீங்களும் வாரா வாரம் சொல்லிப் பழகி, சொல்வதையே உணராமல் கடந்துபோகிற விண்ணப்பம். கூரையில் யார் எப்போது நெருப்பு வைப்பானோ என்று பயந்து படுத்தவனுக்கு அது வேறு மாதிரி ஒலித்திருக்கும். பயமில்லாமல் தூங்க ஓர் இடம், பிள்ளைகளுக்கு ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம், யாரும் தள்ளி நிற்கச் சொல்லாத ஒரு கிணறு. ராஜ்யம் என்ற சொல்லுக்கு அன்று அவர்கள் கண்ட அர்த்தம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இந்தச் சொல்லைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும். சீர்திருத்தச் சபைகளின் பழைய வேதாகமத்தில் 'ராஜ்யம்' என்று வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி' என்கிறது. முதலில் அது எனக்கு ஒட்டவே இல்லை. பிறகு, கிரேக்க மூலத்தில் உள்ள சொல் எல்லைக்கல் நட்ட தேசத்தைவிட, அரசாளுகிற செயலையே பெரிதும் குறிக்கும் என்று படித்தபோது மனம் மாறிற்று. ராஜ்யம் என்றால் போய்ச் சேர வேண்டிய இடம் போலத் தோன்றுகிறது. ஆட்சி என்றால் இங்கே நடக்க வேண்டிய ஒன்று. கலிலேயாவில் ஏரோது அந்திப்பாவும் அவனுக்கு மேலே ரோமாபுரியும் ஆண்டுகொண்டிருந்தபோது, இன்னொருவருடைய ஆட்சி சமீபித்துவிட்டது என்று ஒரு தச்சர் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். அதை விளக்க அவர் எடுத்தது கடுகு விதை, மாவில் வைத்த புளிப்பு, விருந்துப் பந்தி. படையும் கோட்டையும் அந்த உவமைகளில் முன்னால் வந்து நிற்கவில்லை.

முதலூருக்குப் பின் இப்படிப் பல ஊர்கள் எழும்பின. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் (குருமாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். கிறிஸ்தவரானதால் வீடும் நிலமும் இழந்தவர்களுக்கு மனை வாங்கிக் கொடுத்துக் குடியமர்த்துவது அதன் வேலை. நம்பிக்கைக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு வரவு செலவுக் கணக்கு! பரலோகத்தைப் பற்றிப் பிரசங்கித்தவர்கள் மனைப் பத்திரத்தையும் கிணற்றடியையும் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ராஜ்யத்துக்காக வேறு விதமாகக் காத்திருந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் கணக்கை நம்பி, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வந்துவிடுவார் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அந்த நாள் சாதாரணமாக விடிந்து முடிந்தது. அழுதவர்கள் எத்தனையோ பேர். அதே காலத்தில் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கிணறு வெட்டி, மரம் நட்டுக்கொண்டிருந்தார். அவர் 1837-இல் வந்தபோது அந்த இடம் காற்றடித்தால் மணல் இடம் மாறுகிற தேரிக்காடு. இன்று அங்கே 192 அடி உயரக் கோபுரம் நிற்கிறது. எனக்குக் கோபுரத்தைவிடக் கிணறு பெரிதாகத் தெரிகிறது. இரண்டு கூட்டமும் ஒரே ஆண்டவருக்காகத்தான் காத்திருந்தது. ஒரு கூட்டம் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது, மற்றது மண்ணைத் தோண்டிக்கொண்டே காத்திருந்தது.

தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. 1876-இல் மழை பொய்த்தது. மறுவருஷமும் தென்னாடு முழுக்கப் பட்டினி. லட்சக்கணக்கில் செத்தார்கள். துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகத் திருநெல்வேலித் திருச்சபைக்குள் வந்தார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். பஞ்சம் தீர்ந்ததும் சிலர் திரும்பிப் போனதும் உண்டு. இருக்கட்டும். பசித்தவன் சோறு இருக்கிற வீட்டுக்கு வருவதில் என்ன இழிவு? கர்த்தருடைய ஜெபத்திலேயே ராஜ்யத்துக்கும் சித்தத்துக்கும் அடுத்து வருவது அன்றாட ஆகாரம்தான். பாவமன்னிப்புகூட அதற்குப் பிறகுதான்.

நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் வந்து சேர்ந்தது 1876, பஞ்சத்தின் வாசலில். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சேர்த்து அநாதைசாலை நடத்தினார். கஞ்சி ஊற்றி வளர்த்தால் மட்டும் போதாது, கையில் ஒரு தொழில் வேண்டும் என்று 1878-இல் கைத்தொழிற்பள்ளி உண்டாயிற்று. சாகக் கிடந்த பிள்ளைகள் உளி பிடித்தார்கள், துணி தைத்தார்கள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கிய ஆலயம் பஞ்சத்தையெல்லாம் தாண்டி 1880-இல்தான் பிரதிஷ்டையானது. 33 வருஷம்! அவ்வளவு காலம் ஒரு சுவரைக் கட்டிக்கொண்டே இருக்க எத்தனை பொறுமை வேண்டும்.

நான் கண்ணால் பார்த்தது என் ஆச்சியின் அரிசிச் சட்டி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்சட்டியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. "இது நம்ம அரிசி இல்லடே, கை வைக்காத" என்பார். யாருடையது என்று ஒருநாள் கேட்டேன். "யாருக்கு இல்லையோ அவுகளுது" என்றார். வேதசாஸ்திரக் கல்லூரி எதையும் எட்டிப் பார்க்காத மனுஷி. ராஜ்யத்தைப் பற்றி இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

பழைய காலம் எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்கள் கட்டிய ஊர்களில் சில, தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வாசலை அடைத்தன. ஒரே சாதியே ஊர் என்று ஆகிப்போன இடங்கள் உண்டு. தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் தலித் மக்களுக்குத் தனி வரிசை, தனிக் கல்லறை என்று வைத்திருந்த கேவலம் முழுதாக ஒழிந்துவிட்டது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. வெள்ளைக்கார ஐயர்மாருக்குப் பின்னால் கம்பெனியின் நிழல் இருந்ததும் உண்மை. அடிபட்டவன் கட்டுகிற வீட்டிலும் சாதி முந்திக்கொண்டு நுழைந்துவிடுகிறது. மனந்திரும்ப வேண்டியது இங்கேதான் முதலில்.

இப்போது அதே ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். பனையேற ஆளில்லை. கருப்பட்டி விலை ஏறியும் காய்ச்சுகிற வீடு குறைந்துவிட்டது. முதலூர் என்றால் மஸ்கோத் அல்வா என்று நாடெல்லாம் தெரிகிறது, நல்லது. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஆலயம் வண்ண விளக்கில் மின்னுகிறது. அடிக்க வந்தவனின் பேரனும் அடிவாங்கியவனின் பேரனும் ஒரே பெஞ்சில் படித்து முடித்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் மேல்நிலைப்பள்ளியும் கல்லூரியுமாக வளர்ந்தது. அந்த 28 பேரின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றே அதைச் சொல்வேன்.

ஆனால் ராஜ்யத்தைப் பற்றிய பேச்சு வேறு திசையில் போய்விட்டது. மேற்காசியாவில் ஒரு குண்டு விழுந்தால் அன்று மாலையே யூடியூபில் கடைசிக்கால விளக்கம் வந்துவிடுகிறது. கொரோனா நாட்களில் தடுப்பூசியையே மிருகத்தின் முத்திரை என்று சொல்லி எளிய ஜனங்களைப் பயமுறுத்தினார்கள். இன்னொரு பக்கம், ராஜ்யம் என்றால் விசா, வீட்டுமனை, பதவி உயர்வு என்று மேடையில் பெயர் சொல்லி வாக்குக் கொடுக்கிறார்கள். சுவரெங்கும் இயேசு வருகிறார் என்று எழுதியிருக்கிறது. அவர் வருவார் என்று நானும் விசுவாசிக்கிறேன். வருகிறவர் நம்மிடம் என்ன கேட்பார் என்பதையும் அவரே சொல்லிவைத்திருக்கிறார்: பசி, தாகம், அந்நியன், வியாதிக்காரன், சிறையில் இருந்தவன். தேதியைக் கண்டுபிடித்தாயா என்று அந்தக் கேள்விகளில் ஒன்றும் இல்லை.

அன்றும் கடைசிக்காலப் பேச்சு இல்லாமல் இல்லை. 1860-இல் அருளப்பன் உபதேசியாரை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலில் ஆண்டவரின் வருகையைப் பற்றிய எதிர்பார்ப்பு மிகுதி. கஷ்ட காலத்தில் மனுஷன் வானத்தை அண்ணாந்து பார்ப்பது இயல்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணாந்து பார்த்தவன் பக்கத்து வீட்டையும் பார்த்தானா என்பதுதான் என் கேள்வி.

பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் சூழ்ந்திருக்க, இருந்த அரிசியைப் போட்டுச் சோறாக்கிக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஆச்சியின் மண்சட்டி ஞாபகம் வந்தது. கடவுளின் ஆட்சி திருச்சபையின் மதில் சுவருக்குள் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. சில நேரம் வெளியே இருப்பவர்கள் நமக்கு முன்பே அதற்குள் போய்விடுகிறார்கள்.

1799-இல் வீடில்லாமல் வந்த 28 பேரைப் போல இன்று யார் இருக்கிறார்கள் என்று தேடினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்திலேயே தாப்பாத்தியில் ஈழத்து மக்கள் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். பெயர் மாறியது நல்லதுதான். குடியுரிமை இல்லாமல் நாற்பது வருஷம் என்பது ஒரு தலைமுறையின் ஆயுசு. அவர்களும் வீடு எரிந்து வந்தவர்கள்தான்.

எங்கள் பக்கத்துத் திருச்சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. பண்டிகை முடிவில் ஊரே கூடி ஆக்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ராத்திரி முழுக்க அடுப்பு எரியும். அரிசி ஒரு வீடு, ஆடு ஒரு வீடு, விறகு ஒரு வீடு என்று கொண்டுவருவார்கள். சோறும் கறிக்குழம்பும்தான்; ஆனால் அந்த ருசி வீட்டில் வராது. அழைக்கப்பட்டவர்கள் வராமல் போனதும், தெருவில் கிடந்த ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூட்டி வந்து உட்காரவைத்த எஜமானைப் பற்றி ஆண்டவர் சொன்ன கதையை இந்தப் பந்தியில் உட்கார்ந்துதான் நான் புரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் பலர் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் சாப்பிடுகிறார்கள். காரில் வந்து இறங்காமலே வாங்கிப் போகிறவர்களையும் கண்டேன். பக்கத்தில் யார் உட்காருவார் என்ற சங்கடம் அதில் மிச்சம்.

சேகரத்துப் பெரியவர்களுக்கும் ஐயர்மாருக்கும் ஒரு விண்ணப்பம். இந்த வருஷ அசனத்துக்கு முகாமில் இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வேன் அனுப்புங்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் கிடக்கிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். வாளியில் ஊற்றிக் கொடுத்து அனுப்ப வேண்டாம். பந்தியில் நம் பக்கத்திலேயே உட்காரவைத்து இலை போடுங்கள்.